பல்லுக்கு அளவெடுத்தல்: பிழை இடம் மாறிய கதை

"மாவு வைக்காம கேமராவுலயே பல்லுக்கு அளவு எடுப்பாங்களாமே டாக்டர்?" இந்தக் கேள்வி இப்போது சிற்றூர் கிளினிக்குகளிலும் விழுகிறது. மாவு என்று அவர்கள் சொல்வது ஆல்ஜினேட்டை. ஒருமுறை அதில் அளவு கொடுத்தவர் லேசில் மறக்க மாட்டார். ஓட்டை போட்ட ட்ரேயில் ரோஸ் நிறக் குழைவை நிரப்பி மேலண்ணத்தில் அழுத்துவார்கள். அது பின்பக்கமாக வழிந்து தொண்டையைத் தொடும், குமட்டிக்கொண்டு வரும். "மூக்கால மூச்சு விடுங்கம்மா, ஒரு காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க" என்று டாக்டர் பராக்குக் காட்டுவார். இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். நாற்காலியில் இருப்பவரைக் கேட்டால் அரை மணி நேரம் என்பார். இன்று அதே நாற்காலியில், நுனியில் ஒளி சிந்தும் கைக்கருவி ஒன்று பல்வரிசை மேல் ஊர்ந்து போகிறது. பக்கத்துத் திரையில் பல்லும் ஈறும் நிறத்தோடு எழும்பி வருகின்றன. தொண்டைப் பக்கம் எதுவும் போவதில்லை.

சௌகரியம் பற்றி இனி வாதாட ஒன்றுமில்லை, ஸ்கேனர் ஜெயித்துவிட்டது. துல்லியம் என்று வரும்போதுதான் பேச்சு நீள்கிறது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அளவெடுக்கும் பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும், இனிமேல் பிழை இல்லை என்ற விளம்பரமும் கூடவே வந்தது. பிழை ஒழியவில்லை, இடம் மாறியது. அது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்து வேலை செய்தவர்கள் போட்ட கேப் பொருந்தியது. தெரியாதவர்களுக்கு எந்தப் பொருளும் கைகொடுக்கவில்லை.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். கடைவாய்ப் பல்லைச் சுற்றிலும் செதுக்கி மேலே கேப் போடுகிறார்கள். செதுக்கிய பல்லின் அடிவிளிம்பும் கேப்பின் விளிம்பும் சந்திக்கும் கோட்டை லேப்காரர்கள் மார்ஜின் என்பார்கள். அங்கே இடைவெளி அதிகமானால் சிமெண்ட் கரையும், கிருமி தங்கும், கேப்புக்கு அடியில் சொத்தை தொடங்கும். வெளியே தெரியவும் தெரியாது. இங்கிலாந்தின் ஜான் மெக்லீனும் வான் ஃபிரான்ஹோஃபரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கேப்களையும் அதுபோன்ற பிற சீரமைப்புகளையும் ஐந்தாண்டு கவனித்து, 120 மைக்ரான் வரை இடைவெளி இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று 1971-இல் எழுதினார்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் வரும். அரை நூற்றாண்டு கழித்தும் ஆய்வுக் கட்டுரைகள் இந்த 120-ஐத்தான் வாசற்படியாக வைத்திருக்கின்றன.

இந்த 120-உம் அளவெடுப்பவருக்கே சொந்தமில்லை, வழியில் பங்காளிகள் பலர். அளவுப் பொருள் சுருங்கும். அதில் ஊற்றும் ஸ்டோன், அதாவது கடினமான ஜிப்சம், இறுகும்போது சற்று விரியும். மெழுகு சுருங்கும். மெழுகைச் சுற்றி ஊற்றும் அச்சுமண் சூளையில் விரியும். உருக்கி ஊற்றிய தங்கக் கலவை ஆறும்போது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் சுருங்கும். ஒன்றின் சுருக்கத்தை இன்னொன்றின் விரிவால் அடைத்துக் கணக்கை நேர்செய்வதுதான் இருபதாம் நூற்றாண்டுப் பல் லேபின் முழுத் தொழில்நுட்பம் என்றுகூடச் சொல்லலாம். இந்தக் கணக்குக்குள் வைத்துத்தான் எந்த அளவுமுறையையும் எடைபோட முடியும்.

வாய்க்குள் அச்சு எடுக்கலாம் என்ற யோசனையே பழையதல்ல. அதற்கு முன் காம்பஸால் அளந்து, கண்ணால் பார்த்து, நீர்யானைத் தந்தத்திலோ யானைத் தந்தத்திலோ செதுக்கி, வாயில் வைத்துப் பார்த்து, மறுபடி சுரண்டி, மறுபடி வைத்துப் பார்த்தார்கள். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் பல் மருத்துவர் பிலிப் பாஃப் 1756-இல் எழுதிய நூலில்தான், இளக்கிய மெழுகால் தாடையை அச்செடுத்து அதில் பிளாஸ்டர் ஊற்றி மாதிரி செய்யும் முறை வருகிறது. முழுத் தாடையையும் ஒரே வீச்சில் எடுக்க முடியாமல் இரண்டு பாதியாக எடுத்துச் சேர்த்தார். சேர்க்கும் இடத்தில் பிழை வரும் என்பது அவருக்கே தெரிந்திருக்கும். அந்தச் சேர்க்கைப் பிழை 2010-களில் வேறு உருவத்தில் திரும்பி வரப்போகிறது.

1840-களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸே வாய்க்குள் போயிற்று. இப்போது கேட்டால் கொடுமையாகத் தோன்றும். ஆனால் துல்லியத்தில் அதைக் குறை சொல்ல முடியாது. இறுகும்போது வரும் மிகச் சிறு விரிவையும் உப்புச் சேர்த்துக் கட்டுப்படுத்தினார்கள். சிக்கல் அதன் விறைப்பில் இருந்தது. பல்லின் வயிற்றுப்பகுதியைச் சுற்றி இறுகிவிட்டால் வெளியே வராது. ஆகவே வாய்க்குள்ளேயே பிளந்து துண்டு துண்டாக எடுத்து, மேசையில் வைத்து ஒட்டுவார்கள். ஒரு சில்லு தொண்டைக்குள் போனால் அந்த அளவு வீண். இவ்வளவு பாட்டையும் விடாமல் தொடர வைத்தது வல்கனைட். நெல்சன் குட்இயர் 1851-இல் காப்புரிமை பெற்ற கெட்டி ரப்பர் அது. பிளாஸ்டர் மாதிரியின் மேல் வார்த்து வேகவைத்தால் அண்ணத்துக்கு ஒட்டிய பல் செட் கிடைக்கும். தந்தம் செதுக்கிய காலத்தில் மாதிரி ஓர் உதவி, அவ்வளவுதான். வல்கனைட்டுக்கு மாதிரி இல்லாமல் வேலையே நடக்காது. 1907-இல் அமெரிக்காவின் வில்லியம் டாகர்ட் மெழுகுருக்கி வார்ப்பு முறையைப் பல்லுக்குக் கொண்டுவந்ததும் செதுக்கிய ஒற்றைப் பல்லுக்கும் இதே நிலை வந்தது. செம்பு வளையம் ஒன்றைப் பல்லைச் சுற்றி மாட்டி, சுடுநீரில் இளக்கிய காம்பவுண்டை அதற்குள் அழுத்தி, ஒவ்வொரு பல்லாக அச்செடுத்தார்கள். இளகி இறுகும் காம்பவுண்டுக்கு மீள்தன்மை கிடையாது. உருவும்போது எங்கே இழுபட்டதோ அங்கே அப்படியே நின்றுவிடும்.

வளைந்து வெளியே வந்து பழைய உருவத்துக்கே திரும்பும் பொருள் ஒன்று வேண்டியிருந்தது. கிடைத்தது கடற்பாசியில். வியன்னாவின் அல்போன்ஸ் போல்லர் 1920-களில் அகர்-அகர் கொண்டு உடலுறுப்புகளை அச்செடுத்தார். 1930-களில் அது பல்லுக்கு வந்தது. கொதிநீரில் உருக்கி, 65 டிகிரியில் காத்து, வாய்க்குத் தாங்கும்படி 45 டிகிரிக்கு இறக்கி, குளிர்நீர் ஓடும் குழாய் பொருத்திய ட்ரேயில் வைத்து இறுக்குவார்கள். சாதனம் பெரிது, செலவும் பெரிது. பலன் அபாரம். இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்த அகர் நின்றுபோனது. அந்தத் தட்டுப்பாட்டில்தான் பழுப்புப் பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட் மேலே வந்தது. பொடி, தண்ணீர், ஒரு ரப்பர் கிண்ணம், ஒரு கரண்டி போதும், சூடுபடுத்த வேண்டாம். போர் முடிந்து அகர் திரும்பி வந்த பிறகும் ஆல்ஜினேட் நகரவில்லை.

நம் கடலுக்கும் இதில் ஓர் ஒட்டு உண்டு. மன்னார் வளைகுடாவில், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்தில் பெண்கள் முங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி அகருக்குப் போவது, கட்டக்கோரை ஆல்ஜினேட்டுக்குப் போவது. நம் வாயில் வைத்த மாவு அந்தப் பாசியிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. இரண்டும் பாசி என்பது மட்டும் நிச்சயம்.

பாசிப் பொருள்களின் பிழை தண்ணீரில் இருந்தது. அச்சின் எடையில் பெரும்பங்கு நீர். வெளியே வைத்தால் நீர் விட்டுச் சுருங்கும், தண்ணீரில் போட்டால் நீர் குடித்து உப்பும். எடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஸ்டோன் ஊற்ற வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி ஆசிரியர்களுக்கு வாய் ஓய்ந்திருக்கும். ஈரத்துணி சுற்றி வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து ஊற்றிய அச்சுகள் எத்தனையோ. போதாக்குறைக்கு நம் ஊர் வெயில். மே மாதத்தில் குழாய்த் தண்ணீரில் ஆல்ஜினேட் கலந்தால் ட்ரே வாய்க்குப் போகுமுன் கிண்ணத்திலேயே இறுகிவிடும். அதனால் ஃபிரிட்ஜ் தண்ணீர் வைத்திருப்பார்கள். எய்ட்ஸ் பற்றிய அச்சம் வந்த பிறகு அச்சைக் கிருமிநாசினியில் முக்க வேண்டியதாயிற்று. முக்கினால் உப்பும், முக்காவிட்டால் லேப்காரருக்கு ஆபத்து.

சீனாவின் ஹூபே பகுதியிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் சென்னையிலும் தமிழ்நாட்டின் வேறு சில ஊர்களிலும் நடத்திய பல் கடைகளைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். அங்கே பல் செட் கட்டிக்கொண்ட தலைமுறைக்கு மைக்ரான் தெரியாது. அன்று லேப் தனியே எங்கோ இருக்கவில்லை. அளவெடுத்தவரே செட்டும் செய்தால், தன் கைப்பிழையைத் தானே கடையில் உட்கார்ந்து ராவித் திருத்திவிடுவார். அளவெடுப்பவர் ஓர் ஊரிலும் செய்பவர் வேறோர் ஊரிலும் ஆனபோதுதான் அச்சின் துல்லியம் பெரிய விஷயமாயிற்று.

அந்தப் பிரிவைச் சாத்தியமாக்கியது ரப்பர். 1950-களில் பாலிசல்ஃபைடு வந்தது. பழுப்பு நிறம், கந்தக நாற்றம், சட்டையில் பட்டால் போகாத கறை, வாய்க்குள் இறுகப் பத்து நிமிடம் வரை. ஆனாலும் பாசியைவிட நுணுக்கம் பிடித்தது, கிழியவில்லை. அடுத்து வந்த முதல் வகை சிலிகோன் இறுகும்போது ஆல்கஹாலை வெளிவிட்டது. அது ஆவியாகப் போகப்போக அச்சு சுருங்கியது. 1965-இல் ஜெர்மனியின் எஸ்பே நிறுவனம் இம்ப்ரெகம் என்ற பாலிஈதரைக் கொண்டுவந்தது. ஈரம் இருந்தாலும் படியும், அசையாமல் நிற்கும். ஒரே குறை, விறைப்பு. ஆடும் பல் உள்ளவர்களுக்கு அதை வைத்துவிட்டு உருவுவதற்குள் டாக்டருக்கு வேர்க்கும். 1970-களின் நடுவில் வந்த இரண்டாவது வகை சிலிகோன் எதையும் வெளிவிடாமல் இறுகியது. எடுத்த அச்சு நாட்கணக்கில் அளவு மாறாமல் இருந்தது. புட்டி என்ற கெட்டி சிலிகோனைக் கையால் பிசைந்து ட்ரேயில் வைத்து, லைட் பாடி என்ற மெல்லிய சிலிகோனை ஊசியால் பல்லைச் சுற்றிச் செலுத்தி, இரண்டையும் சேர்த்து இறுகவிடுவது இன்றும் நடக்கிறது. அந்த அச்சை டப்பாவில் போட்டு, பெயர் எழுதி, இரவு பஸ்ஸில் பார்சல் ஏற்றிவிட்டால் காலையில் மதுரையிலோ கோவையிலோ லேப் பையன் வந்து எடுத்துக்கொள்வான். பாசி அச்சை இப்படி அனுப்ப முடியாது. சின்ன ஊர்களில் நல்ல கேப் கிடைக்கத் தொடங்கியதற்கு இந்த சிலிகோனுக்கும் பஸ் கம்பெனிகளுக்கும் சம பங்கு கொடுக்க வேண்டும்.

பொருளின் பிழை இப்படிக் குறைந்ததும் மிச்சப் பிழை கைக்கு வந்தது. லேடெக்ஸ் கையுறையோடு புட்டி பிசைந்தால் கையுறையில் இருக்கும் கந்தகம் பட்டு மேல்பரப்பு இறுகாமல் பிசுபிசுக்கும். ட்ரேயில் ஒட்டுப்பசை தடவாவிட்டால் உருவும்போது ஓரம் பெயரும். பார்த்தால் தெரியாது, கேப் வந்த பிறகு தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக ஈறு. செதுக்கிய விளிம்பு ஈறுக்குள் இருந்தால் நூல் திணித்து ஈறை ஒதுக்கி, ரத்தத்தை நிறுத்தி, உலர்த்தி, அந்தச் சில நொடிக்குள் லைட் பாடியை உள்ளே விட வேண்டும். மாதிரியில் மார்ஜின் தெளிவில்லாமல் வந்தால் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருக்கும் டெக்னீஷியன் என்ன செய்வார்? சிலர் திருப்பி அனுப்புவார்கள். பலர் உத்தேசமாக ஒரு கோடு போடுவார்கள். மோசமான கேப்களின் கதை பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் தொடங்குகிறது.

இதுவரை சொன்னது பல்லின் கதை. பல் மன்னிக்கும். எலும்புக்கும் வேருக்கும் நடுவில் சுமார் கால் மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. மூன்று பல்லுக்குச் செய்த பிரிட்ஜ் 50 மைக்ரான் கோணலாக வந்தாலும் பற்கள் சற்று நகர்ந்து இடம் கொடுத்துவிடும். எலும்பில் பதிக்கும் இம்ப்ளான்ட் கொடுக்காது. ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1952-இல் முயல் எலும்பில் டைட்டானியம் ஒட்டிக்கொள்வதைக் கவனித்தார். 1965-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். 1982-இல் டொரான்டோ மாநாட்டுக்குப் பிறகு உலகம் ஏற்றுக்கொண்டது. எலும்போடு நேராக ஒட்டிக்கொள்வதே அதன் வெற்றி, அளவெடுப்பவருக்கு அதுவே தலைவலி. கடிக்கும்போது பல் 25 முதல் 100 மைக்ரான் வரை அமுங்கும். இம்ப்ளான்ட் மூன்றிலிருந்து ஐந்து. நான்கோ ஆறோ இம்ப்ளான்ட் மேல் ஒரே சட்டத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கும்போது, அளவில் வந்த கோணல் எங்கும் போக வழியில்லாமல் ஸ்க்ரூவிலும் சட்டத்திலும் இழுவிசையாகத் தங்கிவிடும்.

எவ்வளவு கோணல் தாங்கும் என்பதில் பெரியவர்களிடையே ஒத்த கருத்தில்லை. பிரோனெமார்க் 10 மைக்ரான் என்றார். அவர் வழிவந்த டோர்ஸ்டன் யெம்ட் 150 வரை போகலாம் என்றார். பதினைந்து மடங்கு வித்தியாசம்! யெம்ட்டும் புக்கும் 1996-இல், இம்ப்ளான்ட் பொருத்தியவர்களின் சட்டக் கோணலை அளந்து பார்த்தபோது அதற்கும் எலும்புத் தேய்வுக்கும் தொடர்பு தெரியவில்லை. எலும்பு பொறுத்துக்கொள்கிறது போலும். பொறுக்காதது ஸ்க்ரூ: தளரும், சில சமயம் உள்ளேயே முறியும். முறிந்த ஸ்க்ரூவை வெளியே எடுக்கும் வேலையை ஒருமுறை பார்த்தவர்கள் 10 மைக்ரான் கட்சிக்குத்தான் வோட்டுப் போடுவார்கள்.

ஆகவே இம்ப்ளான்ட்டுக்கு அளவெடுக்கும் முறை தனியாக வளர்ந்தது. ஒவ்வொரு இம்ப்ளான்ட் மேலும் கோப்பிங் என்ற உலோகத் துண்டைத் திருகி வைப்பார்கள். மூடிய ட்ரே முறையில் அச்சு வெளியே வந்த பிறகு கோப்பிங்கைக் கழற்றி அச்சில் திரும்பச் செருக வேண்டும். அந்தச் செருகலில் கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் சிறு சுழற்சி புகுந்துவிடும். திறந்த ட்ரே முறையில் ட்ரேயின் மேலே ஓட்டை வழியாக ஸ்க்ரூவைத் தளர்த்தினால் கோப்பிங் அச்சுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு வரும். ஒன்றிரண்டு இம்ப்ளான்ட்டுக்கு எந்த முறையானாலும் பெரிய வித்தியாசமில்லை. தாடை முழுக்கப் பல்லில்லாமல் நான்கைந்து போட்டவருக்குத் திறந்த ட்ரேயும், கோப்பிங்குகளை ஒன்றோடொன்று பிணைப்பதும் மேல் என்பதில் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள்.

அந்தப் பிணைப்பு ஒரு தனி ரசனை. டென்டல் ஃபிளாஸ் நூலைக் கோப்பிங்குகளுக்கிடையே வலை கட்டி அதன்மேல் அக்ரிலிக் ரெசினைத் துளித்துளியாக வைத்து விறைக்கச் செய்வார்கள். விறைக்க வைக்கும் ரெசினே சுருங்கும். மோஜோன் குழு 1990-இல் அளந்தபோது ஒரு நாளில் ஆறரை முதல் எட்டு சதவீதம் வரை சுருங்கியது, அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் 17 நிமிடத்துக்குள்ளேயே. அதனால் முதல் நாளே ரெசின் கட்டையைச் செய்து, நடுவே மெல்லிய தகடால் அறுத்து, சுருங்க வேண்டியது சுருங்கி முடிந்த பிறகு வாயில் வைத்து அந்தச் சின்ன வெட்டை மட்டும் ஒட்டுவார்கள். சுருக்கத்தைத் தடுக்க முடியாது, சுருங்கும் பகுதியைச் சிறிதாக்கலாம். அளவெடுக்கும் கலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

ஒளிக்கு வருவோம். பிரான்சின் ஃபிரான்சுவா துரே 1973-இல் தன் ஆய்வேட்டில் ஒளியால் அச்செடுக்கலாம் என்று எழுதினார். கம்ப்யூட்டர் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஸூரிக்கில் வெர்னர் மோர்மனும் பொறியாளர் மார்கோ பிரான்டெஸ்டினியும் செய்த செரெக் 1985-இல் முதல் இன்லேயை, அதாவது பல் குழிக்குள் பொருத்தும் அடைப்பை, நோயாளி நாற்காலியிலிருந்து இறங்குவதற்குள் கடைந்து கொடுத்தது. அன்றைய கேமராவுக்குப் பல்லின் பளபளப்பு ஆகாது. டைட்டானியம் டையாக்சைடு வெள்ளைப் பொடியைத் தூவ வேண்டும், தூவிய பொடியின் தடிமனும் அளவில் சேரும். பொடி வேண்டாத ஐடெரோ 2000-களின் நடுவிலும், கோபன்ஹேகன் 3ஷேப் நிறுவனத்தின் ட்ரியோஸ் அதற்குச் சில ஆண்டு கழித்தும் வந்தன.

ஒரு பல், அல்லது மூன்று பல் பிரிட்ஜ் என்றால் இன்றைய நல்ல ஸ்கேனர் சிலிகோனுக்கு எந்த விதத்திலும் இளைத்ததல்ல. ஊற்றும் ஸ்டோன் இல்லை, மெழுகு இல்லை, ஆகவே பழைய பங்காளிகளில் பாதிப்பேர் போய்விட்டார்கள். புதிய பங்காளிகள் வந்திருக்கிறார்கள். ஸிர்கோனியா கேப்பை இருபது சதவீதத்துக்கு மேல் பெரிதாகக் கடைந்து சூளையில் சுருங்கவிட வேண்டும். கடையும் பர் நுழையாத கூர்முனையை மென்பொருள் தானாக மழுக்கும். ஈறும் பழைய ஈறுதான். ஒளி நேர்கோட்டில் போகும். ரத்தத்துக்கு அடியில் இருக்கும் விளிம்பை ஸ்கேனரால் பார்க்க முடியாது. லைட் பாடியாவது ஊசியின் அழுத்தத்தில் சற்று உள்ளே நுழையும், ஒளிக்கு அந்தத் திறமையும் இல்லை. நூல் வைக்கச் சோம்பியவர்களுக்கு ஸ்கேனர் எந்த உதவியும் செய்வதில்லை. செய்கிற ஒரே உபகாரம், பிழையை அப்போதே திரையில் இருபது மடங்கு பெரிதாகக் காட்டிவிடுவது. ரப்பர் காலத்தில் பஸ் ஏறிப்போய் டெக்னீஷியன் சொல்லித் தெரிய வந்த குறை இன்று நோயாளி எழுந்திருக்குமுன் தெரிகிறது. கேப்கள் தரமேறியதற்கு மைக்ரானைவிட இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

தாடை முழுவதும் என்றால் கதை வேறு. ஸ்கேனர் ஒரு தடவையில் பார்ப்பது ஒன்றிரண்டு பல் அகலம்தான். நூற்றுக்கணக்கான படங்களை, பொதுவாகத் தெரியும் மேடுபள்ளத்தை வைத்து, ஒன்றின்மேல் ஒன்று பொருத்திக்கொண்டே போகிறது. ஒவ்வொரு பொருத்தலிலும் ஒரு துளி பிழை; இடது கடைவாயில் தொடங்கி வலது கடைவாய்க்குப் போவதற்குள் துளிகள் சேர்ந்துவிடும். பாஃப் இரண்டு பாதியைச் சேர்த்தார், ஸ்கேனர் நூறு துண்டைச் சேர்க்கிறது. ஸூரிக்கின் எண்டரும் மெலும் 2013 வாக்கில் முழுத் தாடையை அளந்து ஒப்பிட்டபோது சிலிகோன் அச்சே முந்தியது. அதற்குப் பிறகு கருவிகள் வெகுவாக மேம்பட்டுவிட்டன. பல்லில்லாத தாடையில் மட்டும் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. வழுவழுவென்ற ஈறில், ஒரு இம்ப்ளான்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே, படங்களைப் பொருத்த அடையாளமே கிடையாது.

ஒப்பீட்டு எண்களையும் சற்று எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். துல்லியத்தில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன: உண்மையான அளவுக்கு எவ்வளவு நெருக்கம், பத்துத் தடவை எடுத்தால் பத்தும் எவ்வளவு ஒன்றுபோல் இருக்கின்றன. முதல் கேள்விக்குப் பதில் சொல்ல உண்மையான அளவு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பெரும்பாலான ஆய்வுகள் உலோக மாதிரியை மேசையில் வைத்து, தொழிற்சாலை ஸ்கேனரால் அளந்துவிட்டு ஒப்பிடுகின்றன. மேசை மாதிரிக்கு எச்சில் இல்லை, நாக்கு இல்லை, இருமல் இல்லை. உயிருள்ள வாயின் உண்மை அளவு எது என்று சொல்லும் முதற்கருவி நம்மிடம் கிடையாது. அதோடு தாடையும் சும்மா இருப்பதில்லை. வாயை அகலத் திறந்தால் கீழ்த்தாடை எலும்பு உட்பக்கம் வளைகிறது. இரு பக்கக் கடைவாய்ப் பற்களும் பல பத்து மைக்ரான், சிலரிடம் அதற்கும் மேலே, நெருங்கிவிடுகின்றன. "பெருசாத் தொறங்க" என்று சொல்லி எடுத்த அளவுக்குச் செய்த சட்டம், மூடிய வாய்க்கு இறுக்கமாக இருக்கும். மாவானாலும் ஒளியானாலும் இது பொருந்தும்.

படங்களைச் சேர்க்கும் பிழையைத் தாண்ட ஒரு வழி, சேர்க்காமலே இருப்பது. யெம்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1999-இலேயே ஒளிப்பட அளவியலைப் பற்றி எழுதினார்கள். நில அளவைக்காரர்களின் முறை அது. புள்ளிக் குறிகள் போட்ட கொடிகளை இம்ப்ளான்ட்களில் திருகி, வாய்க்கு வெளியிலிருந்து கேமரா எல்லாக் கொடிகளையும் சேர்த்துப் பார்த்து, ஒன்றுக்கொன்று உள்ள தூரத்தையும் கோணத்தையும் கணக்கிடும். இப்போது அதற்கென்றே கேமராக்கள் விற்கின்றன. அவற்றுக்கு ஈறு தெரியாது. ஈறை வேறு ஸ்கேனில் எடுத்து மேலே பொருத்த வேண்டும். விலையும் சிறு கிளினிக் தாங்குவதாக இல்லை. அதனால் நம் ஊரில் பல இம்ப்ளான்ட் போட்டவருக்குத் திறந்த ட்ரேயும் பாலிஈதரும் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஸ்கேன் செய்பவர்களிலும் கவனமானவர்கள் சட்டம் வருமுன் பிளாஸ்டரில் ஒரு சோதனைக் கட்டையை வாயில் முடுக்கிப் பார்ப்பதுண்டு. வளையத் தெரியாத பொருள்; அளவு கோணலாக இருந்தால் அங்கேயே வெடித்துவிடும். சட்டம் வந்த பிறகு ஒரு கோடி ஸ்க்ரூவை மட்டும் முடுக்கி மறுகோடி எழும்புகிறதா என்று பார்க்கும் ஷெஃபீல்டு சோதனையும் உண்டு. பூதக்கண்ணாடியும் எக்ஸ்ரேயும் போதும் அதற்கு.

முழுப் பல் செட் பக்கம் போனால் அன்றும் இன்றும் அவ்வளவு தூரத்தில் இல்லை. பல்லில்லாத தாடையின் தசை அமுங்கும், கன்னமும் உதடும் அசையும். செட் நிற்க வேண்டியது அந்த அசைவின் எல்லைக்குள். ஸ்கேனர் தசையைத் தொடாமல் பார்க்கிறது. எவ்வளவு அமுங்கும் என்று அதற்குத் தெரியாது. ஆகவே பச்சைக் காம்பவுண்டுக் குச்சியைத் தீயில் இளக்கி ட்ரேயின் ஓரத்தில் வைத்து, "தாத்தா, உதட்டைக் குவிங்க, ஈன்னு இளிங்க, நாக்கை வெளிய நீட்டுங்க" என்று ஒவ்வொரு அசைவாக வாங்கி, கிராம்பெண்ணெய் வாசனை வீசும் பேஸ்ட்டில் கடைசி அச்செடுப்பது அரசு பல் மருத்துவமனைகளில் அன்றாட வேலை. டிஜிட்டலால் அங்கே வந்த லாபம் வேறு. பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ செட்டைத் தொலைத்துவிட்டு வரும் பெரியவருக்கு முன்பெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும், நாலைந்து நடை. செய்து முடித்த செட்டை ஒருமுறை ஸ்கேன் செய்து ஃபைலாக வைத்திருந்தால் அதையே மறுபடி அச்சிட்டுக் கொடுக்கலாம். ஐந்தாறு வருடம் கழித்துத் தொலைத்தால் அது உதவாது. அதற்குள் தாடை எலும்பு தேய்ந்திருக்கும், புதிதாகத்தான் அளவெடுக்க வேண்டும்.